பின்னறைக்குள் வந்து போனது

எங்கள் வீட்டுப் பின்னறைக்குள் ஏதோ ஒன்று வந்து போகிறது என்று தெரிந்த கோடையில், அது என்ன என்பதைத் தவிர மற்றதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. எந்த வழியாக வருகிறது, எந்த நேரத்தில் பிறாண்டுகிறது, எந்தச் சத்தத்துக்கு அடங்குகிறது, எல்லாம் தெரியும். இவ்வளவு தெரிந்தும் ஒரு விலங்கின் பெயரைச் சொல்ல முடியாமல் போனதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கோவில்பட்டியில் ஊர் முடிந்து கரிசல் காடு தொடங்குகிற தெருவில் எங்கள் வீடு. பருத்தி எடுத்து முடிந்ததும் மண் காய்ந்து வெடிக்கத் தொடங்கும். அந்த வருஷம் காட்டில் தொடங்கிய ஒரு வெடிப்பு, வேலிக்கடியில் நுழைந்து, துவைகல்லைச் சுற்றிக்கொண்டு, நேராகப் பின்னறைச் சுவருக்கடியில் போய், அறைக்குள்ளும் வாய் பிளந்துவிட்டது. என் கை முழங்கை வரை உள்ளே போனது.

நான் பாலிடெக்னிக்கில் சிவில் முடித்து, ஒரு காண்டிராக்டர் ஆபீசில் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்குகிற மண் இது என்று படித்திருக்கிறேன். சிமெண்ட் பூசினால் பூச்சு தனியாக நிற்கும், மண் தனியாக விலகும். அப்பா கேட்டதற்காக ஆற்றுமணலைப் போட்டுக் குத்தி அடைத்துப் பார்த்தேன். மறுநாள் மணல் வெளியே குவிந்து கிடந்தது. உள்ளிருந்து தள்ளியதா, வெளியிலிருந்து தோண்டியதா என்பதுகூட அதைப் பார்த்துத் தெரியவில்லை.

வேறு வருஷமாக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். பின்னறையில் கம்பு கொட்டி வைக்கும் மண் குலுக்கையும் பருத்திமார் விறகும்தான் கிடந்தன. ஆனால் அந்த வருஷம் மதினி பிள்ளையோடு வந்திருந்தாள். அண்ணன் மனைவி. அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவளும் என்னை மதினி என்றுதான் கூப்பிடுவாள். தலைப்பிரசவம் விளாத்திகுளத்துப் பக்கம் அவள் அம்மா வீட்டில். அது முடிந்து, கைப்பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்து மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அண்ணன் வடக்கே வேலையில். பின்னறைக் கதவுக்கு நேர் எதிரே, நடுவீட்டு உத்தரத்தில் தொட்டில்.

ஒரு மத்தியானம் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மதினி, குலுக்கைக்குப் பின்னால் ஒரு வால் இழுபட்டுப் போனதைப் பார்த்தாள். எவ்வளவு பருமன் என்று கேட்டேன். பிள்ளையின் கை அளவு என்றாள். மயிர் இருந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது என்றாள். நீளம் எவ்வளவு என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள்.

அந்தச் செய்தி எப்படியோ பஸ் ஏறி அவள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. மழை விழுந்து வெடிப்பு மூடுகிற வரைக்கும் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வெள்ளிக்கிழமை வாரேன் என்று ஆளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்கள் அம்மா முகம் செத்துப்போனது. வந்த சூட்டோடு மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் தெரு என்ன பேசும் என்பது ஒன்று. பேரனை இப்போதுதான் அம்மா கையில் வாங்கியிருக்கிறாள் என்பது இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்குள் அது என்னவென்று கண்டுபிடித்து விரட்டிவிட்டால் மதினி போக வேண்டியதில்லை. அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முறையாகத்தான் செய்தேன். முதலில் தடயம், பிறகு முடிவு, அதன் பிறகு மருந்து. குலுக்கையைச் சுற்றி அரிசிமாவைச் சல்லடையில் சலித்துத் தூவினேன். காலடி விழுந்தால் விரல் எண்ணிக்கை தெரிந்துவிடும்.

தடயம் கிடைக்காமல் இல்லை, ஏகப்பட்டது கிடைத்தது. மாவில் ஐந்து விரலும், நடுவே வால் இழுத்த கோடும் இருந்தன. அது உடும்புக்குப் பொருந்தும். சுவரோரம் பெரிய புழுக்கை, பெருச்சாளியாக இருக்கலாம். கடித்துத் துப்பிய முட்டை ஓடு ஒன்று. அப்படித் தின்பது கீரி. எங்கள் வீட்டில் கோழி கிடையாது, முட்டை எங்கிருந்து வந்தது என்பது தனிக் குழப்பம். மறுநாள் மாவில் வளைந்து வளைந்து ஒரு தடம், கால் எதுவும் இல்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தால், பெருச்சாளி எடை, உடும்பு விரல், கீரிப் பல், காலில்லாத உடம்பு என்று ஒரு விலங்கு வந்தது. அப்படி ஒன்று இந்தப் பூமியில் கிடையாது. மாவில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, கூட்டி அள்ளிவிட்டு, இன்னும் மெல்லிய சல்லடையில் சலித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, பருத்திமார்க் கட்டுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மதினி பிள்ளையோடு தெருவறையில் படுத்திருந்தாள். நல்ல வெயில். வெடிப்பிலிருந்து மண்வாடை வந்துகொண்டிருந்தது.

முதலில் வந்தது பக்கத்து வீட்டு அக்கா. மாதா கோவில் காலைப் பூசைக்குத் தவறாமல் போகிறவள். முந்தானைக்குள் எலிப்பொறியை மறைத்துக்கொண்டு வந்து, வெடிப்பின் வாயில் வைத்தாள். பொறிக்குள் சுட்ட கருவாடு. பெருச்சாளிதான் என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள். பிள்ளையார் வாகனத்துக்குப் பொறி வைக்க அம்மா சம்மதிக்க மாட்டாள் என்பதால் இந்த ஒளிவு. வெடிப்போரம் முந்தின கருவாட்டின் முள் மட்டும் கிடந்தது. அதைத் தட்டிவிட்டுப் போனாள்.

அடுத்து அப்பா. மில்லில் காலை ஷிப்ட் முடித்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கறிக்கடையில் சும்மா தருகிற சவ்வுத் துண்டுகளை இலைப்பொட்டலத்திலிருந்து எடுத்துச் சுவரோரம் போட்டார். கீரி ஒன்று வீட்டைச் சுற்றி நின்றால் பாம்பு அண்டாது, பேரனுக்குக் காவல் என்பது அவர் கணக்கு. இதை வெளியே சொன்னால் மருமகள் பயப்படுவாள்.

அம்மா கடைசியாக வந்தாள். தலைக்குக் குளித்த ஈரத்தோடு சிரட்டையில் பாலும், கையில் ஒரு முட்டையுமாக வந்து குலுக்கையடியில் வைத்துக் கும்பிட்டாள். அம்மாவுக்கு அது நல்ல பாம்பு. பாம்பு என்று வாயால் சொல்லவும் மாட்டாள், ‘நல்லது’ என்றுதான் சொல்லுவாள். சொன்னால் மதினி அந்த நிமிஷமே கிளம்பிவிடுவாள் என்று அவளும் மறைத்திருக்கிறாள்.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணெதிரே கருவாடு, கறி, பால், முட்டை, அதைச் சுற்றி நான் தூவிய அரிசிமாவு. மாவை எறும்பு வரிசையாகச் சுமந்து போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் ஒரு விலங்கை மனதில் வைத்துச் செய்ததை, மற்ற விலங்கெல்லாம் வந்து தின்றுவிட்டுப் போயிருக்கிறது. காட்டில் அது அது தன் பாட்டுக்குத் திரிந்ததை நாங்கள்தான் சேர்ந்து அழைத்திருக்கிறோம். இல்லை, முதல் நாள் மதினி பார்த்த வால் மட்டும் எங்கள் அழைப்புக்கு முன்னாலேயே வந்தது. அது யாருடையது?

சாயந்தரம் எல்லாரையும் நடுவீட்டில் உட்கார வைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அக்கா பொறியை எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அப்பா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது சம்மதம். அம்மா மட்டும் அசையவில்லை.

“அவிய வச்சது வேற, நான் வச்சது வேற. கும்பிட்டு வச்சதை நிறுத்தச் சொல்லுதியா? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?”

நிறுத்தினால் பிள்ளைக்கு ஆபத்து என்று அம்மா நம்புகிறாள். நிறுத்தாவிட்டால் பிள்ளையே வீட்டில் இருக்காது. இரண்டையும் எந்தப் பக்கம் எழுதிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மதினிதான் பேசினாள். பாம்பு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரியும். முகம் வெளுத்துப் போயிருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

“நிறுத்த வேண்டாம் அத்தை. எடத்தை மாத்துவோம். கம்மாக்கரைப் புத்துல போய் வைப்போம். நானும் கூட வாரேன்.”

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்து, சரி என்றாள்.

எனக்கு ஆச்சரியம். மதினி அம்மா வீட்டுக்குப் போவதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். அடுக்களையில் தனியாகக் கேட்டேன். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அங்கன மட்டும் வெடிப்பு இல்லையா மதினி? அதுவும் இதே மண்ணுதான். இப்பப் போனா, உங்க அண்ணன் லீவுல வார வரைக்கும் எங்கம்மா அனுப்ப மாட்டாவ. இங்கன வந்து பழகுறதுக்குள்ள திரும்பவும் முதல்ல இருந்தா?”

பிறகு எதற்கு அன்றைக்கு அழுதாய் என்று கேட்டேன். பயந்தால் அழக்கூடாதா என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பின்னறையைக் கழுவிவிட்டு, மாமியாரும் மருமகளும் பாலும் முட்டையும் எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைப் புற்றுக்குப் போனார்கள். பிள்ளை என் மடியில். அந்த நேரம் பார்த்து மதினியின் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார்கள். கையில் மடித்த காலிப் பை. மகள் எங்கே என்று கேட்டார்கள், சொன்னேன். பாம்புக்குப் பயந்து கூட்டிப்போக வந்தால் அவள் பாம்பைத் தேடியா போயிருக்கிறாள் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, சரி, அது என்னதான் என்று கேட்டார்கள்.

உடும்பாக இருக்கலாம், கீரியாக இருக்கலாம், பெருச்சாளி உண்டு, மற்றதும் உண்டு, எல்லாமாகவும் இருக்கலாம் என்றேன்.

“இம்புட்டுப் படிச்சவளுக்கே தெரியலயாக்கும்” என்றார்கள். கேலியா, நிஜமாகவே வருத்தப்பட்டார்களா, அதுவும் விளங்கவில்லை.

மதினி கரிசல் ஒட்டிய காலோடு வந்து, தன் அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள். காலைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை வாங்கினாள். தாயும் மகளும் தெருவறையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் அந்தக் காலிப் பையில் எங்கள் அம்மா கொடுத்த கம்பை வாங்கிக்கொண்டு, மூன்று மணி பஸ்ஸுக்கு மதினியின் அம்மா தனியாகக் கிளம்பினார்கள்.

வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து, மதினி பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குலுக்கைக்குப் பின்னாலிருந்து பிறாண்டுகிற சத்தம் வந்தது. அம்மாவுக்குக் காது கேட்கிற தூரம்தான், அவள் கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் மதினியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தொட்டிலை ஆட்டுகிற கை நிற்கவில்லை, கொஞ்சம் வேகமாக ஆட்டியது, அவ்வளவுதான்.