வேப்பம்பட்டிலிருந்து சிப்காட் வரை ஒரே பாட்டு

எட்வர்ட் இரண்டு தோசை தின்ன நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் அவர் மனைவி ஜெபா இதைப் பார்த்து, தோசை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அழுதிருக்கிறாள். பிடித்ததால்தான் மெதுவாகத் தின்கிறார் என்று புரிய அவளுக்கு ஒரு வருஷம் ஆனது. பிடித்தது எதுவும் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பது எட்வர்டின் பிறவிக் குணம். சர்ச் பாடகர் குழுவில் சேர்ந்தபோதும், எல்லாரும் கடைசி வரியை முடித்த பிறகு அவர் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்துவிட்டு அவரை நாற்காலி போடும் வேலைக்கு மாற்றினார்.

கவரைப்பேட்டைக்குப் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் அண்ணன்கள் இரும்பு உருக்கும் வேலைக்குப் போனார்கள். எட்வர்ட் ஸ்டியரிங் பிடித்தார். விஜயவாடாவுக்கு ஒன்பது வருஷம் லாரி ஓட்டினார். பிறகு அதே சிப்காட்டில் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு கம்பெனியில் பஸ் டிரைவராகச் சேர்ந்தார். காலை ஐந்து முப்பத்தைந்துக்கு வேப்பம்பட்டு ஸ்டேஷனில் கிளம்பி, பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் வழியாக ஆறு ஐம்பதுக்குக் கம்பெனி கேட்டில் நிற்க வேண்டும். எழுபத்தைந்து நிமிடம். பதினோரு வருஷமாக அதே எழுபத்தைந்து நிமிடம். சாயங்காலம் திரும்பும்போது நாற்பது பேரும் தூங்கிவிடுவார்கள். அதனால் பஸ்ஸில் பாட்டு என்பது காலையில் மட்டும்தான்.

புது மெஷின் பூட்ட இத்தாலியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். அவரை ஏற்றிவரும் கார் ஒரு வாரம் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால், வேப்பம்பட்டு கெஸ்ட் ஹவுஸிலிருந்து கம்பெனி பஸ்ஸிலேயே வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ரோட்டைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்டு வருவார். கடைசி நாள் எட்வர்டின் கையில் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, ரோட்டைக் காட்டி, காதைக் காட்டி, கும்பிட்டுவிட்டுப் போனார். அதன்மேல் ஒட்டியிருந்த தாளில் "புரோகிரெசிவ் ராக்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. எட்வர்ட் அது அந்த ஆளின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அதைப் பஸ்ஸின் பாட்டு செட்டில் செருகினார். முதலில் ஒரு புல்லாங்குழல். அது எங்கோ போய்விட்டு வந்தது. பிறகு சர்ச் ஆர்கன் மாதிரி ஒன்று கிளம்பியது. டிரம்ஸ்காரர் அதோடு சண்டைக்குப் போனார். சண்டை முற்றிய இடத்தில் ஒருவர் வந்து நாலு வரி பாடிவிட்டுக் காணாமல் போனார். எட்வர்ட் பஸ்ஸைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

மூன்றாவது சீட்டிலிருந்து நர்மதா எழுந்து வந்தாள். குவாலிட்டி செக்‌ஷனில் வாஷர்களை எண்ணிச் சோதித்து, சரியில்லாததை ஒதுக்கிப் போடுகிறவள். பஸ்ஸில் மற்றவர்களுக்காகப் பேசுகிறவளும் அவள்தான்.

"அண்ணே, பாட்டு எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சி தாமரைப்பாக்கம் தாண்டிச்சிம்மா."

"அப்ப இவ்ளோ நேரம் போய்க்கினு இருந்ததுதான் பாட்டா? செட்டு ரிப்பேருன்னு நெனச்சிக்கினு இருந்தோம்."

அந்த வாரம் முழுக்க எட்வர்ட் வேறு எதுவும் போடவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை முப்பத்தொரு கையெழுத்தோடு ஒரு மனு எச்.ஆர். கல்பனா மேடத்தின் மேஜைக்குப் போனது. எழுதியவள் நர்மதா. "காலையில் கேட்கும் சத்தத்தால் வேலையில் கவனம் சிதறுகிறது" என்று அதில் இருந்தது. சத்தம் என்ற வார்த்தைதான் எட்வர்டைக் குத்தியது.

கல்பனா மேடம் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு ஒரு தீர்ப்பு சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் எட்வர்டின் பாட்டு. மற்ற நாள் சினிமாப் பாட்டு. பஸ் கேட்டுக்கு வந்ததும் எந்தப் பாட்டாக இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் எட்வர்ட் மாட்டிக்கொண்டார். பாட்டைப் பாதியில் நறுக்குவது அவருக்குத் தின்றுகொண்டிருக்கும் தட்டைப் பிடுங்குவது மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்கன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது கேட் வந்துவிட்டது. நிறுத்தினார். அன்று மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

வீட்டில் ஜெபா சொன்னாள், "இன்னாங்க, கரெக்டா எழுபத்தஞ்சி நிமிசத்துல முடியற பாட்டா பாத்துப் போட வேண்டிதான? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்சத் தூக்கிவெச்சிக்கினு இருக்கிறீங்க?"

அவள் ஏதோ சொல்ல வேண்டுமே என்று சொன்னாள். எட்வர்ட் அதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

பென் டிரைவ் தாளில் இருந்த இரண்டு வார்த்தையைப் போனில் அடித்துத் தேடினார். அது ஒரு ஆளின் பெயரில்லை, ஒரு வகைப் பாட்டின் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது. பெரிய பெரிய குழுக்களின் பெயர்கள் முதல் பக்கத்திலேயே வந்து நின்றன. கேட்டார். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பெரும்பாலும் நாற்பது நிமிடத்தில் ஆல்பம் முடிந்துவிட்டது. நாற்பது நிமிடத்தில் பஸ் ஆரணியைக்கூடத் தொடாது. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று போனார். பெயரே வாயில் நுழையாதவர்கள், ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுப் வாத்தியாராகவும் வக்கீலாகவும் போய்விட்டவர்கள், இருநூறு பேர்கூடக் கேட்டிராத பாட்டுகள். அங்கேதான் அவருக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

இப்படிப்பட்டவற்றைத் தேடுகிறவர்களுக்கென்று ஒரு இணையக் குழு இருந்தது. போனில் தமிழில் பேசினால் அதுவே இங்கிலீஷாக மாற்றித் தந்தது. எட்வர்ட் தன் தேவையைச் சொன்னார்: எழுபத்தைந்து நிமிடம் வேண்டும். கெட்ட வார்த்தை கூடாது, பஸ்ஸில் பெண்கள் இருக்கிறார்கள். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் கொஞ்சம் அமைதியாக இருந்தால் நல்லது, அங்கே வேகத்தடை வரிசையாக வரும்.

இப்படி ஒரு விண்ணப்பத்தை அந்தக் குழு அதுவரை பார்த்ததில்லை. ஒரே நாளில் அறுபது பதில்கள் வந்தன. ஃபின்லாந்தில் ரிட்டயரான ஒரு தபால்காரர் "ஹார்மா லின்டு" என்ற பாட்டுக் குழுவின் ஆல்பத்தை அனுப்பினார். சாம்பல் பறவை என்று அர்த்தமாம். எட்வர்ட் வெள்ளிக்கிழமை அதைப் பஸ்ஸில் ஓடவிட்டு, வீட்டுக்கு வந்து நேர்மையாக அபிப்பிராயம் எழுதினார்: "வடமதுரை வரை சுமார். பெரியபாளையம் கோயில் வளைவில் வரும் கிடார் மிகவும் நன்று. புதுவாயலில் ஹைவே ஏறும்போது டிரம்ஸ் பஸ்ஸையே தள்ளுகிறது. கவரைப்பேட்டைக்குப் பிறகு இழுவை."

தபால்காரர் பதிலுக்குக் கேட்டிருந்தார்: "புதுவாயல் என்பது எந்த நாட்டுக் குழு? அவர்கள் ஆல்பம் எங்கே கிடைக்கும்?"

ஜெபா அதைப் படித்துவிட்டுச் சிரித்ததில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது.

பஸ்ஸில் மட்டும் யாரும் மசியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பாதிப் பேர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டார்கள். நர்மதாவின் இயர்போன் ஒருநாள் கெட்டுப்போனது. வேறு வழியில்லாமல் கேட்டுக்கொண்டு வந்தவள், ஆரணி வந்ததும் எழுந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, இது தப்பா வாசிக்கிறாங்கோ."

"இன்னா தப்பு?"

"தாளத்த எண்ணிப் பாத்தேன். எட்டு வரணும்ல? ஏழுல திரும்பிடுது. ஒரு வாட்டி, ரெண்டு வாட்டின்னா சரி. எல்லா வாட்டியும் ஏழு."

அவள் வேலையே எண்ணுவது. எட்வர்ட் ரோட்டைப் பார்த்து வண்டியை ஓட்டினார். நர்மதா போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டே நின்றாள். புதுவாயல் போனது, கவரைப்பேட்டை போனது. சிப்காட் வளைவில் அவளே மெதுவாகச் சொன்னாள்.

"தப்பு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்துகினே இருந்தா அது தப்பில்லண்ணே. டிசைனு."

அடுத்த செவ்வாயிலிருந்து அவள் முன்சீட்டுக்கு மாறிவிட்டாள். எண்ணிக்கையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள். பின்சீட்டு ஆட்கள் அவளைத் தோற்கடிப்பதற்காக இயர்போனைக் கழற்றிவிட்டு எண்ணினார்கள். ஏழா, ஒன்பதா என்று தாமரைப்பாக்கத்தில் தொடங்கும் தகராறு சில நாள் கேன்டீன் நாஷ்டா வரைக்கும் நீண்டது. பிடித்துத்தான் கேட்டார்களா, சண்டைக்காகக் கேட்டார்களா என்று எட்வர்ட் ஆராயவில்லை. கேட்டார்கள், அவ்வளவு போதும்.

பொங்கல் விடுமுறை முடிந்த வெள்ளிக்கிழமை அது நடந்தது. அர்ஜென்டினாவிலிருந்து ஒரு பல் டாக்டர் அனுப்பிய ஆல்பம். குழுவின் பெயர் "எல் ஃபாரோ ஹூந்திதோ". மூழ்கிய கலங்கரை விளக்கம். ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு, எழுபத்தாறு நிமிடம். ஒரு நிமிடம்தானே கூட, கொஞ்சம் மெதுவாகப் போனால் சரியாகிவிடும் என்று எட்வர்ட் கணக்குப் போட்டார். ஆனால் ஊருக்குப் போன ஜனம் இன்னும் திரும்பவில்லை. ரோடு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. எவ்வளவு மெதுவாக ஓட்டியும் ஆறு நாற்பதுக்கே கேட் வந்துவிட்டது. எட்வர்டின் கை செட்டின் பட்டனுக்குப் போனது.

"கை எடுண்ணே," என்றாள் நர்மதா. "ஏழு மணிக்குத்தான ஷிப்டு? வண்டிய அந்த மரத்தாண்ட ஓரங்கட்டு. கேட்டுக்கு வந்தாத்தான நிறுத்தணும்? நம்ம இன்னும் கேட்டுக்கு வரலியே."

பஸ் மரத்தடியில் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. சில நிமிடங்களில் பாட்டு மெல்ல ஓய்ந்து நின்றுபோனது. இரண்டு பேர் பையை எடுத்தார்கள். நர்மதா கையை உயர்த்தினாள். செட்டின் சின்னத் திரையில் எண் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியவில்லை, மௌனமாக இருக்கிறது. அந்த மௌனத்தில் எத்தனை எண்ணுவது என்று தெரியாமல் நாற்பது பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கேட்டிலிருந்த செக்யூரிட்டி சுப்பிரமணி இதைப் பார்த்தார். முன்பு வேறு கம்பெனியில் வேலை பார்த்தபோது ஸ்டிரைக்கை நேரில் கண்டவர். பஸ்ஸைச் சுற்றி ஒரு நடை வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். யாரும் பேசவில்லை, யாரும் இறங்கவில்லை, நர்மதா கையைத் தூக்கியபடி இருக்கிறாள். அவருக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய் போனை எடுத்தார்.

"மேடம், வேப்பம்பட்டு பஸ்ஸு உள்ளிருப்புப் போராட்டம் பண்ணிக்கினு கீது. கோஷம்லாம் இல்ல மேடம். அதான் பயமா கீது."

கல்பனா மேடம் அரைக் கப் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தார். பஸ்ஸின் படியில் ஏறி, "இன்னாப்பா உங்க கோரிக்கை?" என்று கேட்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, ஐந்து நிமிட மௌனத்துக்குப் பிறகு, பாட்டு திரும்ப வந்தது. முதலில் ஒரு பெண் குரல் மட்டும். பின்னால் நூறு மணிகள் மாதிரி ஏதோ. நர்மதா விரலை உதட்டில் வைத்து மேடத்துக்குச் சைகை காட்டினாள். மேடம் படியிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் சுப்பிரமணி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

பாட்டு முடிந்தபோது மணி ஏழு ஆகவில்லை. ஆனால் முடிந்த பிறகும் யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றவில்லை. அந்த வகையில்தான் ஷிப்ட் ஆறு நிமிடம் தாமதம்.

விசாரணை நடக்காமல் போகுமா? மேலிடத்துக்கு "ஸ்டிரைக்" என்று தகவல் போய்விட்டதால் அதை எழுத்தில் மறுக்க வேண்டியிருந்தது. கல்பனா மேடம் எட்வர்டைக் கூப்பிட்டு விளக்கக் கடிதம் கேட்டார். எட்வர்ட் இரண்டு வரிதான் எழுதினார்: "பஸ் சீக்கிரமாக வந்தது. பாட்டு சீக்கிரமாக வரவில்லை." மேடம் அதை மூன்று தடவை படித்தார்.

"இத நான் எப்பிடி எட்வர்ட் மேல அனுப்பறது?"

"உண்மதான மேடம்."

"உண்மதான். அதான் பேஜாரு." மேடம் பேனாவை மூடினார். "வெள்ளிக்கெழம கட். செவ்வாய் மட்டும் வெச்சிக்கோ. அதுலயும் நடுவுல சும்மா இருக்கற பாட்டு வேணாம்."

வெள்ளி போனதில் எட்வர்டுக்கு வருத்தம்தான். நடந்ததை அப்படியே இணையக் குழுவில் எழுதினார். அர்ஜென்டினா பல் டாக்டர், அந்த ஆல்பத்தில் வாசித்த பேஸ் கிடார்காரரையே தேடிப்பிடித்து அதைக் காட்டிவிட்டார். அந்தக் கிடார்காரர் இப்போது தச்சு வேலை செய்கிறார். பத்து நாள் கழித்து அவரிடமிருந்து நாலு வரி வந்தது. அந்த மௌனத்தில் எங்கள் ஊரிலேயே எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள், அதற்குப் பிறகு வரும் பகுதியை நாங்கள் காலி நாற்காலிகளுக்குத்தான் வாசித்திருக்கிறோம், உங்கள் நாற்பது பேருக்கும் எங்கள் வணக்கம் என்று எழுதியிருந்தார். எட்வர்ட் அதை அச்செடுத்து டிரைவர் சீட்டுக்கு மேலே ஒட்டினார். நர்மதா மட்டும் கீழே பென்சிலால், "நாற்பத்திரண்டு. மேடத்தையும் செக்யூரிட்டியையும் சேர்த்து" என்று திருத்தினாள்.

போன மாதம் கம்பெனி ரூட்டை நீட்டியது. திருப்பாச்சூரிலிருந்து ஒன்பது பேர் புதிதாகச் சேர்ந்ததால் பஸ் இனி அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். இருபத்து மூன்று நிமிடம் கூடுதல். மற்ற டிரைவர்கள் இதற்கு முனகியிருப்பார்கள். எட்வர்ட் உத்தரவை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்து, இணையக் குழுவைத் திறந்து போனை வாயருகே பிடித்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். தொண்ணூத்தெட்டு நிமிசம் வேணும். புதுசா ஏறவங்களுக்கு இதெல்லாம் பழக்கமில்ல. அதனால மொத இருவத்தி மூணு நிமிசம் மட்டும் கொஞ்சம் சாதுவா இருக்கட்டும்."