மெர்சிங் ஆளுங்க

கேள்வியே கேட்காத மனிதரை எப்படி நம்புவது? பெண் பார்க்க வருகிறார். நான் போட்ட தேத்தண்ணியைக் குடிக்கிறார், வடையைச் சாப்பிடுகிறார், மழை வரும் போலிருக்கிறதே என்கிறார். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்காமலேயே எழுந்து போகிறார். எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்?

அமலதாஸ் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்துபோனது அப்படித்தான். கடற்கரை ஊரான மெர்சிங்கில் மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் கம்பெனியில் அவருக்கு வேலை. கட்டி கட்டியாக வரும் ஐஸை இயந்திரத்தில் தள்ளி நொறுக்கி, படகின் வயிற்றை நிரப்பி அனுப்ப வேண்டும். இளவயதில் சேர்ந்தவர், அறுபதைத் தாண்டியும் அதே ரப்பர் பூட்ஸோடு அங்கேயே நிற்கிறார். மனைவி ஐலீன் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் பிராண்டன். அந்த பிராண்டனும் என் மகள் மெலிசாவும் சிங்கப்பூரில் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள். கட்டினால் ஒருவரையொருவர்தான் என்று அவர்களே முடிவு செய்துவிட்டு, பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள்.

நான் ஃபிலோமினா. பத்து பாகாட் ஊரில் சட்டை தைக்கும் கிலாங்கில், அதாவது தொழிற்சாலையில், கியூசி. தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பதுதான் வேலை. மேல்பக்கம் எல்லாச் சட்டையும் அழகாகத்தான் இருக்கும். வீட்டுக்காரர் தவறிய பிறகு இந்த வேலையை வைத்துத்தான் மெலிசாவைப் படிக்க வைத்தேன். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்தி. அவள் தப்பான இடத்தில் போய் விழுந்துவிட்டால் நான் யாரிடம் போய் அழுவது?

அதனால் அன்றைக்கு நானே ஆரம்பித்தேன்.

“உங்களுக்குப் பூர்வீகம் எங்கண்ணே?”

“ரெங்கம் பக்கம் ஒரு தோட்டம்மா.”

“அது சரி. நீங்க என்ன ஆளுங்க?”

இப்படிக் கேட்டால் என்ன சாதி என்று பொருள். சாதி என்ற சொல்லை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்லவா!

அமலதாஸ் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டே, “நாங்க மெர்சிங் ஆளுங்கம்மா” என்றார்.

என் அண்ணன் தங்கராஜு தொண்டையைக் கனைத்தார். அமலதாஸ் அவர் பக்கம் திரும்பி, வடை ரொம்ப நல்லாயிருக்கு என்று சொன்னாரே ஒழிய, வேறு ஒரு வார்த்தை விழவில்லை. கிளம்பும்போது இன்னொன்றையும் பார்த்துவிட்டேன். அமலதாஸ் இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடந்தார். பின்னாலேயே போன பிராண்டனும் அதே இடது காலை அதே மாதிரி இழுத்து நடந்தான்.

அலமாக்! கால் இழுக்கிற நோய் வேறு பரம்பரையாக வருகிறதா?

கார் திரும்பியதும் மெலிசா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“அவங்க நம்மள ஏதாவது கேட்டாங்களாமா? நீங்க மட்டும் ஏன் கேக்கணும்?”

“அதான்டி எனக்குச் சந்தேகமே! கேட்டா நாமளும் திருப்பிக் கேப்போம்னு பயம்.”

“கேக்காம இருக்க வேற காரணமே இருக்காதா?”

“இருக்காது” என்றேன்.

எங்களைத் தப்பாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிறு பூசையை நாங்கள் விட்டதில்லை. தவக்காலம் முழுக்க வீட்டில் இறைச்சி கிடையாது. பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் பக்கத்தில் யார் நின்றாலும் சிரித்துக் கை கொடுப்போம். ஆனால் கை கொடுப்பது வேறு, பெண் கொடுப்பது வேறு. அக்கம்பக்கத்து இந்து வீடுகளில் எப்படியோ எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் ஜாதகம் பார்ப்பார்கள், நாங்கள் பார்ப்பதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மனது கேட்காமல் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அமலதாஸுக்குப் போன் போட்டேன். அவர் பக்கத்தில் ஐஸ் நொறுங்குகிற சத்தம் கேட்டது. “இருங்கம்மா” என்று வெளியே வந்தார்.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. சொல்லிட்டீங்கன்னா கல்யாண வேலைய ஆரம்பிச்சிடலாம். பிள்ளைங்க சந்தோஷம் உங்க வாயிலதான் இருக்கு.”

“அந்த ஒரு வார்த்தையத்தாம்மா என்னால சொல்ல முடியாது.”

“ஏன், சொல்லக் கூடாத ஆளுங்களா?”

என் குத்தல் அவருக்கு உறைத்ததா என்று தெரியவில்லை. நிதானமாகத்தான் பேசினார். “என்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனப்ப, பிள்ளைக்கு என்ன பேருன்னுதான் ஃபாதர் கேட்டாரு. ஆண்டவர் அதுக்கு மேல எதுவும் கேக்காம ஏத்துக்கிட்டாரு. நான் அவரைப் பாத்து நடக்கலாம்னு முயற்சி பண்ற ஆளு. அவர் கேக்காத கேள்விக்கு நான் எதுக்குமா பதில் வெச்சிருக்கணும்?”

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. வேதம் பேசி நழுவுகிறவர்களை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஆண்டவரை முன்னால் நிறுத்திவிட்டு மனிதர் பின்னால் ஒளிந்துகொள்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

“அப்படின்னா கல்யாணமும் இல்லைண்ணே” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மெலிசா அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தாலும் என்னோடு பேசுவதில்லை. சட்டியில் மீன் குழம்பு ஆறிக் கிடக்கும், தட்டைத் தொடமாட்டாள். பிராண்டனைத் தவிர வேறு யாரையும் கட்டமாட்டேன் என்று ஒரே தடவைதான் சொன்னாள். அவள் சொன்னால் சொன்னதுதான். என் பிள்ளை காலம் பூராவும் தனியாக நின்றுவிட்டால் நான் என்ன செய்வேன்? அந்த மனிதர் வாயைத் திறந்தால்தான் என்ன? இந்தக் கல்யாணம் நின்றால் அவர் மகனுக்கும்தானே நஷ்டம்? அந்தளவுக்கு மறைக்கிறார் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்க வேண்டும்!

கடைசியில் தங்கராஜு அண்ணன் ரெங்கத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே முகமெல்லாம் சிரிப்பு.

“நம்ம ஆளுங்கதான் ஃபிலோமி! நல்லாத் தேடிப் பாத்துட்டேன், சுத்தமா நம்ம ஆளுங்க!”

“நெசமாவா? அப்புறம் ஏண்ணே அந்த மனுஷன் மறைக்கிறாரு?”

“கிறுக்கன்லா அவன். அவங்க அப்பா வீட்டுல, அந்தப் பக்கத்து லயத்து வீட்டு ஆளுங்க, அதான் நம்ம ஆளுங்க இல்லாதவங்க, வந்தா தேத்தண்ணி குடுக்கத் தனி மங்கு வெச்சிருந்தாங்களாம். அவங்களும் கோயிலுக்கு வர்ற வேதக்காரங்கதான். இவன் இளந்தாரியா இருந்தப்ப ஒரு திருநாளன்னைக்கு எல்லாரும் பாக்க அந்த மங்குல தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கான். அப்பன் விடுவானா? பெரிய சண்டை. அன்னைக்குக் கிளம்பினவன்தான், மெர்சிங் போய்ச் சேந்துட்டான்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிறுக்கனாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நம்ம ஆள்! அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காலைப் பூசை முடிந்த கையோடு பழம், பலகாரத்தோடு மெர்சிங்குக்குக் கிளம்பினோம். அண்ணன் காரை ஓட்டினார். ஜெமாலுவாங் தாண்டும்வரை மெலிசா பேசவே இல்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “மாமா விசாரிச்சதுல வேற மாதிரி வந்திருந்தா?” என்று கேட்டாள்.

“அதான் வரலையே” என்றேன்.

படகுத்துறைக்குப் பின்னால் சின்னப் பலகை வீடு. சுவரில் திருஇருதயப் படம். ஐலீன் ஓடி வந்து என் கையைப் பிடித்து, “வாங்கக்கா, பசியாறிட்டீங்களா?” என்றார். அமலதாஸ் அப்போதுதான் பூசை முடிந்து வந்து, வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் பலகாரத் தட்டை வைத்த கையோடு விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

“ரெங்கத்துல விசாரிச்சோம்ணே. நீங்க நம்ம ஆளுங்களாம்லா! எல்லாத்துக்கும் எனக்குச் சம்மதம். அன்னைக்கே சொல்லியிருந்தா பிள்ளைங்க இவ்வளவு நாள் அழுதிருக்க வேணாம்.”

அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. ஐலீனைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்பதுபோல் ஐலீன் தலையை அசைத்தார். சமையற்கட்டு வாசலில் நின்ற பிராண்டன், “அப்பா, வேணாம்பா” என்றான்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். “என்ன வேணாம்?”

“ஃபிலோமினாம்மா, பிராண்டன் நாங்க பெத்த பிள்ளை இல்லை” என்றார் அமலதாஸ்.

ஐலீன்தான் தொடர்ந்தார். “நான் ஆஸ்பத்திரியில வேலை செஞ்சப்ப, மலர்னு ஒரு பொண்ணு தனியா வந்து பிள்ளை பெத்தா. பக்கத்துத் தீவுல ஏதோ ஹோட்டல் சமையக்கட்டுல இருந்தவ. வளக்க முடியாது, நீங்க எடுத்துக்கங்கக்கான்னா. முறைப்படி கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா. என்ன ஆளுன்னு அவ சொல்லலை, நாங்களும் கேக்கலை.”

எத்தனையோ கேட்டிருக்கலாம். என் வாயில் முதலில் வந்தது, “அப்ப அந்தக் காலு? அப்பனும் மகனும் ஒரே மாதிரி இழுக்கிறீங்களே?” என்பதுதான்.

அமலதாஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கு ஐஸ் கட்டி விழுந்து உடைஞ்ச காலும்மா. இவனுக்கு ஒண்ணுமே இல்லை. நடக்கப் பழகின நாள்ல இருந்து என் பின்னாடியேதான் நடப்பான். நானும் பயந்துபோய் டாக்டர்கிட்ட காட்டினேன். காலு நல்லாத்தான் இருக்கு, அப்பாவைப் பாத்துப் பழகிக்கிட்டான்னு சொல்லிட்டாரு.”

பிராண்டன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மெலிசாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

“உனக்குத் தெரியுமாடி?”

“தெரியும்மா.”

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! “ஏண்ணே, நான்தான் சரின்னு வந்துட்டேனே? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாமே! சொன்னா நல்லதுங்கிறப்ப சொல்ல மாட்டீங்க, சும்மா இருந்தா நல்லதுங்கிறப்ப சொல்லுவீங்க. என்ன மனுஷன் நீங்க?”

“அன்னைக்கு நான் சொல்லியிருந்தா உங்க பொண்ணை இவனுக்குக் குடுத்திருக்க மாட்டீங்கம்மா, எங்க அப்பன் பாட்டனுக்குக் குடுத்திருப்பீங்க. இன்னைக்கு நான் சும்மா இருந்தாலும் அதே கதைதான்.” அவர் பிராண்டனைக் கையால் காட்டினார். “கடவுள் என்னைப் பிள்ளைன்னு சொன்னப்ப என் வம்சத்தைப் பாத்தா சொன்னாரு? நானும் இவனை அப்படித்தான் என் பிள்ளைன்னேன். நீங்க வேணாம்னா, இவனையே பாத்து வேணாம்னு சொல்லுங்க.”

தங்கராஜு அண்ணன் எழுந்துவிட்டார். “வா ஃபிலோமி, போலாம். இங்க இனி என்ன பேச்சு?” விறுவிறுவென்று வெளியே போனார். அவரைச் சமாதானப்படுத்த அமலதாஸ் பின்னால் போனார். அவர் பின்னால் பிராண்டன் போனான். வாசல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஓர் இடது கால் இழுத்துக்கொண்டு போனது, பின்னால் வலியே இல்லாத இன்னோர் இடது கால் அதே போல் இழுத்துக்கொண்டு போனது.

சந்தேகப்பட இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். பொய் எதற்கு, அப்போதும் தேடத்தான் செய்தேன். நான் திருப்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே மனிதர் உள்பக்கத்தைத் தானாகத் திருப்பிக் காட்டிவிட்டார். இதற்கு மேல் எந்தத் தையலைப் பிரிப்பது? அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்றுதான் மெலிசாவிடம் சொன்னேன்.

“ஐலீன், தேத்தண்ணி போடுங்க. இருந்து சாப்பிட்டுத்தான் போறோம்” என்றேன். மெலிசா வந்து என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

போன மாதம் எங்கள் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். “மெர்சிங் அமலதாஸ், ஐலீன் தம்பதியரின் மகன் பிராண்டன்” என்று ஃபாதர் வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்றார். வரமாட்டேன் என்று சபதம் போட்ட அண்ணன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று நான் பூசை முடியும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அவர் திறக்கவில்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பாடகர் குழுவில் பாடும் அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். அண்ணன் பக்கத்தில்தான் நின்றார்.

“ரொம்ப சந்தோஷம் ஃபிலோமி. ஆமா, மாப்பிள்ளை வீட்டுல என்ன ஆளுங்க?”

“மெர்சிங் ஆளுங்கக்கா” என்றேன்.

“அது சரி, அதைக் கேக்கலை...”

“மெர்சிங் ஆளுங்கதான்க்கா.”

அந்த அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைக்கிறார்.