இட்லித் தட்டில் வெந்த இறக்கை

அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்த பையன் கையெழுத்துக் கேட்டபோது, நான் மாமியாரின் சூட்கேஸைத் தலையில் வைத்துக்கொண்டு டெல்லி முனிர்கா வீட்டின் மூன்றாவது மாடி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். என் தலையில் சூட்கேஸ், அவன் கையில் பெட்டி, நடுவில் மாமியார். இரண்டும் ஒரே காலையில் வந்து சேரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டி வெளிநாட்டிலிருந்து வர வேண்டியது, மாதக்கணக்காக வரவில்லை. மாமியார் பாளையங்கோட்டையிலிருந்து வர வேண்டியவர், வருடக்கணக்காக வர மறுத்தவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகுதான் சம்மதித்தார். அதுவும் "தை பொறந்ததும் போயிருவேன்" என்ற நிபந்தனையோடு.

பெட்டிக்குள் இருந்தது ஒரு விண்கலம். சிறு வயதில் பார்த்த ஏதோ ஒரு வெளிநாட்டுப் படத்தில் கதாநாயகனின் கப்பலுக்குப் பின்னால் ஓரமாக வந்து, வந்த வேகத்தில் வெடித்துப்போகும் சரக்குக் கலம். எனக்கு எப்போதும் கதாநாயகர்களைவிட ஓரமாக வெடிப்பவர்கள்மீதுதான் பாசம். சொந்த அனுபவம் காரணமாக இருக்கலாம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மை போல இதைச் சொடுக்கிச் சேர்த்துவிட முடியாது. ரெசின் என்ற பிசினை அச்சில் வார்த்து, ஆறியதும் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பிவிடுவார்கள். பாகங்களில் ஆப்பம் போல ஓட்டைகள் இருக்கும். ஓரமெல்லாம் பிசிறு. எதுவும் எதோடும் பொருந்தாது. செய்முறை என்று ஒற்றைக் காகிதம், அதில் மங்கலான ஒரு புகைப்படம், கீழே 'அனுபவம் உள்ளவர்களுக்கு மட்டும்' என்று ஒரு வரி. எனக்கு ஆசை இருந்தது. அனுபவம் வழியில் வந்து சேரும் என்று நினைத்தேன்.

மாமியார் பெட்டியைத் திறக்கும்போதே பக்கத்தில் வந்து நின்றார். பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காரும்போதுகூட வகுப்புக்குள் நுழைகிற மாதிரிதான் உட்காருவார். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, துணி சோப்பா இது?"

"விண்கலம், அத்தை."

"ஒடஞ்சு வந்திருக்கு போலிருக்கே. திருப்பி அனுப்பிருங்க."

அதை உட்கார்ந்து செய்வதற்கென்று நான் கண்ணாடி போட்டு மூடி வைத்திருந்த பால்கனிதான் மாமியாருக்கு அறையாயிற்று. வெயில் வரும் ஒரே இடம் அது. இடுப்புக்கு வெயில் வேண்டும் என்று டாக்டரும் சொன்னார், மனைவியும் சொன்னாள்; வீட்டில் டாக்டர் சொன்னதைவிட மனைவி சொன்னதற்கு மதிப்பு அதிகம். அம்மா இனிமேல் தனியாக அந்த வீட்டில் இருக்கக் கூடாது, எப்படியாவது இங்கேயே இருக்கும்படி செய்ய வேண்டும் என்பது அவள் திட்டம். எப்படியாவது தை பிறக்க வேண்டும் என்பது என் திட்டம். மாமியாரோ சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்தே தினம் ஒரு சேலை எடுத்துக் கட்டி, துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைத்தார். அலமாரியில் இடம் ஒதுக்கிக் கொடுத்தும் தொடவில்லை. ரயில் நிலையத்தில் காத்திருப்பவர் மாதிரியே குடியிருந்தார்.

ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் தண்ணீரில் நனைத்து நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். நான் முகக்கவசம் போட்டுக்கொண்டு பால்கனியின் ஒரு மூலையில், மாமியாரின் கட்டிலுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தேய்த்தேன். வெளியே டெல்லியின் புகை, உள்ளே என் முகக்கவசம். காய்கறி வண்டிக்காரர் கீழிருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குள்ளேயும் காற்று இவ்வளவு கெட்டுப்போய்விட்டதா அண்ணா என்று இந்தியில் விசாரித்தார்.

மாமியார் முதலில் என்னைத்தான் கவனித்தார், கலத்தை அல்ல. "ஏட்டி, ஒம் மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல வேலையே குடுக்க மாட்டாங்களா?" என்று மகளிடம் கேட்டது எனக்குக் கேட்கும்படியாகவே கேட்டது. ஒருநாள் சூப்பர் பசையில் என் கட்டைவிரல் கலத்தின் அடிவயிற்றோடு ஒட்டிக்கொண்டது. அதே நேரம் அலுவலகத்திலிருந்து வீடியோ அழைப்பு. விண்கலத்தைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி காலாண்டு நிலவரம் பேசினேன். மாமியார் அதுவரை எனக்காகச் சிரித்ததில்லை. அன்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். மனைவியின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தோடு திரும்பி வந்தார்.

அதன் பிறகு மேற்பார்வை தொடங்கியது. மாலையில் நான் தேய்த்து வைத்ததை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இடுக்குத் தெரியும் இடத்திலெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். அந்த மை எத்தனை பூச்சுப் பூசினாலும் வெள்ளையை மீறி இளஞ்சிவப்பாக மேலே வந்தது. அண்டவெளியில் அம்மை போட்ட ஒரே கலம் அதுதான். தை பிறக்கட்டும் என்று இருந்தேன்.

இடது இறக்கை வில் போல வளைந்து வந்திருந்தது. ரெசினில் இது சாதாரணம்தான். வெந்நீரில் முக்கினால் இளகும், சமமான இடத்தில் வைத்து அழுத்தினால் நிமிர்ந்துவிடும். "நாளைக்கு வெந்நீர்ல போட்டு நிமித்தணும் அத்தை" என்று சொல்லிவிட்டுக் காலையில் குர்காவ்ன் ஆபீஸுக்குப் போய்விட்டேன். மாலையில் வந்தபோது வீட்டில் இட்லி வாசனை இல்லை, ஆனால் அடுப்பில் இட்லிச் சட்டி இருந்தது.

வெந்நீரைவிட ஆவி பதமாக இருக்கும் என்று மாமியார் முடிவு செய்திருந்தார். தட்டில் இறக்கையை வைத்து, நிமிர வேண்டுமே என்று மேலே இன்னொரு தட்டை வைத்து அழுத்தி, மூடியும் போட்டிருக்கிறார். வளைவு முழுக்கப் போய்விட்டது. பதிலாக இறக்கையில் வரிசையாக மூன்று குழிகள், அழகான இட்லிக் குழிகள், விழுந்திருந்தன. இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினால் போதும்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. "பரவால்ல அத்தை, சரி பண்ணிடலாம்" என்றும் சொன்னேன். சிரித்ததைவிட அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

மாமியார் அடுப்பைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பு. பிறகு மகளைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழம வண்டிக்கு டிக்கெட் இருக்கான்னு பாரு. அடுத்தவங்க வீட்ல வந்து ஒரு சாமான்ல கை வைக்கக் கூடாது. எனக்கு என் வீடுதான் சரி" என்றார். குரல் உயரவில்லை. தலைமையாசிரியைகளுக்கு உயர்த்த வேண்டிய அவசியம் இல்லை.

மனைவி என்னைச் சமையலறைக்கு இழுத்துப்போனாள். "அங்க போயி மறுபடி விழுந்தா யாரு தூக்குவா? நீயா? நீ சிரிச்ச. நீயே சரி பண்ணு."

நான் ஆசைப்பட்டதுதான் நடக்கிறது. பால்கனி திரும்பக் கிடைக்கும். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மாமியார் துவைத்து மடித்த சேலைகளையே மறுபடி பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். மாலையாகியும் சிவப்புப் பேனா கையில் இல்லை. நான் அன்றைக்குத் தேய்க்க வேண்டிய மூக்குப் பகுதியை யார் பார்ப்பார்கள் என்று எனக்குக் கவலையாக இருந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ரெசினுக்கு ஞாபகம் அதிகம், சூடு பட்டால் வார்த்த வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும். மறுபடி கொதிநீரில் போட்டிருந்தால் அந்தக் குழிகள் மறைந்திருக்கும், வேலை அவ்வளவுதான். அது எனக்குத் தெரியும். அதற்குப் பதிலாக ஒழுங்காக, நேராக, ஒரு குறையும் இல்லாமல் இருந்த வலது இறக்கையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"அத்தை, இடது பக்கம் குழி விழுந்திருக்கு. வலது பக்கமும் அதே மாதிரி வேணும். இல்லேன்னா கலம் ஒரு பக்கமா சாயும். தட்டுக்கு எண்ணெய் தடவணுமா?"

மாமியார் இறக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பொய் சொல்லும் பிள்ளைகளை முப்பது வருடம் பார்த்த கண்.

"எண்ணெய் தடவினா பெயிண்ட் எப்படி ஒட்டும்?" என்றார். "தண்ணி கொதிச்ச பெறகு வைக்கணும். அவசரப்பட்டு மூடியத் தெறந்தா கொழகொழன்னு போயிரும். நகருங்க, நான் வைக்கேன்."

வைத்தார். குழிகள் மூன்றும் பிசகாமல் விழுந்தன. இறக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சட்டில இனிமே சமைக்க முடியாது. ஐஎன்ஏ மார்க்கெட்ல புதுசு வாங்கிட்டு வாங்க" என்றார். பிறகு, என் பக்கம் பார்க்காமல்: "அந்த அலமாரில ஒரு தட்டு காலியாதான இருக்கு? சேலையெல்லாம் பெட்டிக்குள்ள கெடந்து நசுங்குது."

தை பிறந்தது. பல தைகள் பிறந்தன. அந்தக் கலத்தின் படத்தை இணையத்தில் போட்டபோது, மாதிரிக் கலங்கள் செய்பவர்கள் குழுவில் ஒருவர் இறக்கைக் குழிகள் சினிமாவில் வந்த அசல் கலத்தில் இல்லையே, எந்தப் பதிப்பு என்று கேட்டார். மாமியாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அவருக்கு வேற வேலை இல்லையான்னு கேளுங்க" என்றார். அடுத்த நாள் காய்கறிக்காரரிடம், தனக்குத் தெரிந்த நாலைந்து இந்திச் சொற்களை வைத்து, வெளிநாட்டில் தன் வேலையைப் பற்றி விசாரிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போன குளிர்காலத்தில் மாமியார் காலமானார். பால்கனி முழுவதும் இப்போது எனக்குத்தான், அவர் கட்டிலை மட்டும் எடுக்கவில்லை. புதிதாக இன்னொரு கலம் வாங்கினேன். அதிலும் ஒரு இறக்கை வளைந்து வந்திருந்தது. விதிமுறைப்படி தண்ணீரைச் சுட வைத்து, முக்கி, கண்ணாடிப் பலகைமேல் வைத்து அழுத்தினேன். துளி பிசகில்லாமல் நிமிர்ந்தது. இத்தனை வருடத்தில் என் கையில் முதல் தடவையாக ஒன்று சரியாக வந்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, குறை சொல்வதற்காகக் கட்டில் பக்கம் நீட்டினேன்.