பவளம் ஆயா நடந்த வழிகள்

இடைவேளை மணி அடித்து, பிள்ளைகள் வகுப்பை விட்டு ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி பிரபு தொலைபேசியில் அழைத்தான்.

"அக்கா, அம்மா போயிட்டாங்க."

"எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு எப்போதும் ஓர் ஊரின் பெயர்தான் பதிலாக வரும். திருகோணமலை, கதிர்காமம், கொத்மலை நீர்த்தேக்கம், ஒன்றுமில்லையென்றால் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்துக்கு மேலேயுள்ள காட்டு மலை. அன்று பிரபு ஊர்ப் பெயர் சொல்லாமல் அழத் தொடங்கினான். பிறகுதான் எனக்குப் புரிந்தது. காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

நான் படிப்பிக்கும் ராகலையிலிருந்து நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா என்று பஸ் மாறி மாறித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, லயத்து வாசலில் நிற்க இடமில்லை. பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். மஸ்கெலியாவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு வந்து நின்றார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, தேயிலைத் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பெண்ணுக்கு இத்தனை ஊர்களிலிருந்து ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று அன்று என்னிடம் ஒருவர் வியந்து கேட்டார். அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கே எழுதுகிறேன். அம்மாவை அறிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. இன்னொரு முறை அவரோடு நடந்துவிட்டு வாருங்கள்.

அம்மாவின் பெயர் பவளம். பல வருடங்கள் கொழுந்து பறித்தார். பிறகு பிள்ளைக் காம்பராவில் வேலை கிடைத்தது. மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகும் இடம் அது. தோட்டத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அம்மாவின் கையால் பால் குடித்தவர்கள். அதனால் வளர்ந்த பிறகும் எல்லாருக்கும் அவர் பவளம் ஆயாதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலை முடித்ததும் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு மேல் மலைக்குக் கிளம்பிவிடுவார். கொழுந்து பறித்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம். நானும் பிரபுவும் கூடவே போவோம். அப்பா வர மாட்டார். அவருக்கு வீட்டு வாசலே தூரம். "உங்கம்மாவுக்குக் கால்ல சக்கரம் கட்டிவிட்டுட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே, நாங்கள் திரும்பி வரும்போது வெந்நீர் போட்டு வைத்திருப்பார்.

ஒரு நாள் தண்ணீர் பிடிக்கும் பீலியில் பக்கத்து வீட்டு மாரியக்கா கேட்டார். "ஏன்டி பவளம், வாரம் பூரா மலையில ஏறி எறங்குறோம். ஞாயித்துக்கிழமயும் ஒனக்கு மலையா?"

அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி சொன்னார். "வேலைக்கு ஏறுறப்ப கொழுந்தத்தானே பாக்கிறோம் அக்கா. ஒரு நாளாவது மலையப் பாப்போமே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாரியக்காவும் வந்தார். அதற்கடுத்த வாரம் இன்னும் சிலர். அம்மா யாரையும் வற்புறுத்தியதில்லை. தான் போய்வந்ததை வந்து சொல்வார், அவ்வளவுதான். அவர் சொல்வதைக் கேட்டால் போகாமல் இருக்க முடியாது.

கடல் பார்க்கப் போன கதையை எங்கள் தோட்டத்தில் இன்றும் பேசுவார்கள். பிறந்ததிலிருந்து கடலையே பார்த்திராத பெண்களைச் சேர்த்துக்கொண்டு திருகோணமலைக்குப் போவதென்று அம்மா முடிவு செய்தார். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பொம்பளைங்க மட்டும் தனியா அவ்வளவு தூரம் போறதா? நல்லாவா இருக்கு?"

"தனியாவா? ஒரு பஸ் நெறையப் போறோங்க" என்றார் அம்மா.

கடைசியில் தலைவரே திருகோணமலைக் கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டு கொடுத்தனுப்பினார்.

கடற்கரையில் இறங்கியதும் பெண்கள் கையைக் கோத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நெடுநேரம் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த மாரியக்கா கடைசியில் கேட்டார். "பவளம், அந்தப் பக்கம் எந்தத் தோட்டம்?"

"அந்தப் பக்கம் தோட்டமே கெடயாது அக்கா" என்றார் அம்மா.

மாரியக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பஸ் சாரதி சுனில், என்ன பகிடி என்று கேட்டு அம்மாவிடம் வந்தார். அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை; இத்தனை வயதுவரை இவர்கள் கடலையே பார்த்ததில்லையா என்று கேட்டார். அதன் பிறகு அம்மா கூப்பிட்ட எந்தப் பயணத்துக்கும் சுனில் மறுப்புச் சொன்னதில்லை. செத்த வீட்டிலும் ஒரு மூலையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அம்மாவை நினைத்து நான் தலை நிமிர்ந்து நிற்கும் நாள் வேறொன்று. பள்ளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். சில நாட்களாக மழை விடவில்லை. ஒரு காலையில் மண் சரிந்து மஸ்கெலியாவுக்குப் போகும் ரோடு மூடிக்கொண்டது. அதே காலையில் எங்கள் லயத்துச் சுகந்திக்கு வலி எடுத்தது. முதல் பிரசவம். பிள்ளை தலைகீழாகத் திரும்பவில்லை, வலி வந்ததும் உடனே கொண்டுவர வேண்டும் என்று கிளினிக்கில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆம்புலன்சுக்குப் பேசினால், ரோடு திறந்திருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். சுகந்தியின் கணவன் ரவி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

அம்மா மழைக்குத் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு, கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து நின்றார்.

"மலைக்கு மேல ஏறி அந்தப் பக்கத்துத் தோட்டத்து பெக்டரி ரோட்டுல எறங்கிறலாம். ஆம்புலன்ச அங்க வரச் சொல்லுங்க."

"அந்தப் பக்கம் வழி இருக்கா ஆயா?" என்று ரவி கேட்டான்.

"இருக்கு. நான் போயிருக்கேன்."

சுகந்தியை உட்கார வைத்துத் தூக்க, ஒரு நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலைக் கட்டினார்கள். தூக்க வந்தவர்கள் அத்தனை பேரும் பிள்ளைக் காம்பராவில் அம்மா தொட்டில் ஆட்டிய பையன்கள். சுகந்தியும் அங்கே வளர்ந்தவள்தான். அம்மா முன்னால் போய்ப் புதரை வெட்டி வழி எடுத்தார். நான் சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வலி வரும்போதெல்லாம் அவள் என் விரல்களை நெரித்தாள். அட்டை ஏறிய காலைக் குனிந்து பார்க்க யாருக்கும் நேரமில்லை.

பாதி வழியில் ஓடை குறுக்கிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் தாண்டும் சின்ன ஓடை, அன்று பழுப்பு நிறத்தில் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்தது. ரவி தண்ணீரில் இறங்கப் போனான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க ஆயா! அவளுக்கு முடியல, பாக்கிறீங்கல்ல?"

"பாக்கிறேன்டா. அதனாலதான் சொல்றேன், எறங்காத. ஓடைகிட்டக் கோவப்பட்டு என்ன ஆகப் போவுது? மேல பாறையிடுக்குல இது ஒடுங்கி வரும். அங்க தாண்டுவோம்."

"அவ்வளவு தூரம் ஏறணுமா?"

"ஏறுவோம்."

ரவி அழுதான். அம்மா அவன் கன்னத்தில் ஈரக் கையை வைத்து, "ஒன்னயும் சேத்துத்தான்டா அந்தப் பக்கம் கொண்டுபோகணும்" என்றார். பிறகு எங்களுக்கு முன்னால் ஏறத் தொடங்கினார். அவர் சொன்ன இடத்தில் ஓடை இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கித்தான் போனது. பையன்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நாற்காலியை அந்தப் பக்கம் சேர்த்தார்கள். பெக்டரி ரோட்டுக்கு இறங்கியபோது ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. சத்திரசிகிச்சை செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். அந்தச் சிறுமி இப்போது பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஆயாவைக் குழிக்குக் கொண்டுபோன அன்று ரவியின் தோளில் உட்கார்ந்து வந்தாள்.

எங்கே போனாலும் அங்குள்ள வழியையும் ஆட்களையும் தெரிந்துகொண்டு வருவார் அம்மா. தெரிந்ததை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவார். சேவை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. சிவனொளிபாத மலைக்கு யாத்திரைப் பருவகாலம் தொடங்கியதும், தோட்டத்துப் பெண்களோடு படிக்கட்டு தொடங்கும் இடத்துக்குப் போய்விடுவார். ஏறுகிறவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி, இறங்குகிறவர்களுக்குக் காலில் தடவ எண்ணெய். கூட்டம் குறைந்ததும் சாக்கைத் தூக்கிக்கொண்டு போத்தல்களைப் பொறுக்குவார்.

ஒருமுறை நானும் அவரோடு இருந்தேன். மாத்தறையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பெண் கால் வீங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மகன்மாரும் நெடுந்தூரம் முன்னால் ஏறிவிட்டார்கள். "அவங்க போகட்டும், நான் இங்கயே இருக்கேன்" என்று அந்தப் பெண் சிங்களத்தில் சொல்லி அழுதார். அம்மா படியேறிப் போய் மகன்மாரைக் கூப்பிட்டு நிறுத்தினார். "பெத்த அம்மாவ கீழ விட்டுட்டு மேல யாரக் கும்பிடப் போறீங்க?" என்று அவர்கள் மொழியிலேயே கேட்டார். பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்தார்கள். அம்மா அந்தப் பெண்ணின் காலில் எண்ணெய் தடவி, எழுப்பி, எல்லாருக்கும் முன்னால் நிறுத்தினார்.

"நடக்க முடியாதவங்கதான் முன்னால போகணும். அவங்க நடை எப்படியோ, அப்படித்தான் எல்லாருக்கும்."

அன்று பின்னேரம் அந்தக் குடும்பம் மொத்தமாக உச்சிவரை போய்விட்டு இறங்கி வந்தது. அந்தப் பெண் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

அம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது படியில் அவர் சொன்ன அந்தப் பேச்சைத்தான். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து ராகலைக்குத் திரும்பியபின், என் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் தர்ஷினி என்றொரு பிள்ளை. ஒரு காலை இழுத்து நடப்பவள். வெளியே எங்கு போனாலும் பாதியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய பைகளுக்குக் காவல் இருப்பாள். அன்று அவளை வரிசைக்கு முன்னால் நிறுத்தினேன். ஓடி ஏறும் பையன்கள் முதலில் முணுமுணுத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவர்களே அவளுக்காகக் கல்லை ஒதுக்கி, கிளையை விலக்கிப் பிடித்தார்கள். நான் கடைசி ஆளாக நடந்தேன்.

உச்சிக்குப் போனதும் தர்ஷினி மூச்சு வாங்க நின்று, கீழே தெரிந்த ஊரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, வரிசையின் முடிவில் ஏறி வந்துகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"டீச்சர்! நாந்தான் மொதல்ல வந்தேன்!"