வயது குறைந்த வீடு

1. முதல் நாள்

சாலை அகலமாகும்போது இடிபடும் வீடுகளை அளந்து இழப்பீட்டுக்கு மதிப்புப் போடுகிற பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். கையில் ஒரு டேப்பும் ஒரு ஃபீல்டு புக்கும். மதுரைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் எனக்கு வாய்த்த முதல் வீடு பெரியகருப்பன் என்ற விவசாயியுடையது. நான் யாரென்று கேட்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க சார். இருநூறு வருசத்து வீடு. பாட்டனுக்குப் பாட்டன் கட்டுனது. தட்டிப் பாருங்க, அம்புட்டும் சுண்ணாம்பும் கடுக்காயும். ஒரு மூடை சிமெண்டு கிடையாது."

பழைய வீடுகளைப் படம் பிடித்துப் போடுகிற ஆள் என்று நினைத்துவிட்டார் போல. நானும் தலையாட்டிக்கொண்டே போனேன். நடுவில் முற்றம், சுற்றிலும் தேக்குத் தூண்கள், நெல் கொட்டிவைக்க ஆள் உயரக் குலுக்கை, பின்னால் இருபது மாடு கட்டும் தொழுவம். திருவிழாவில் சாமிப் பெட்டி ஊரிலேயே பழைய வீட்டிலிருந்துதான் புறப்பட வேண்டுமாம். அது இந்த வீடுதானாம். அதனால் பரிவட்டமும் முதலில் இவர் தலைக்குத்தான். அடுத்த தெருவில் இருக்கும் பங்காளி மாயழகுக்கு அதிலேயே வயிற்றெரிச்சல் என்றார்.

காபி வந்த பிறகுதான் வந்த வேலையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கட்டடம் பழசாக ஆகத் தேய்மானம் கழிப்போம். இருநூறு வருசம்னா சுவருக்கு ஒண்ணும் தேறாதுங்க" என்று என் மேதாவித்தனத்தையும் காட்டினேன்.

அவர் காபியை ஆற்றினார். ஆற்றி முடிப்பதற்குள் வீட்டுக்கு நூற்று எழுபது வயது குறைந்துவிட்டது.

2. விசாரணை

"பாட்டன் வீட்டை இடிச்சுட்டு நான்தான் சார் இதைக் கட்டுனேன். கல்யாணத்துக்கு அடுத்த வருசம். முப்பது வருசந்தான் ஆச்சு."

"சுண்ணாம்புச் சுவர்னீங்களே?"

"குளிர்ச்சிக்காக."

"தூண்?"

"செல்லூர்ல ஒரு வீட்டை இடிச்சாக. வாங்கியாந்து ஊண்டுனேன்."

"குலுக்கை?"

கொஞ்சம் யோசித்தார். "அது சும்மா, ஷோவுக்கு."

நான் செங்கல்லைப் பார்த்தேன். முன்கட்டில் இருந்தது மெல்லிய பழைய தட்டைக்கல். அடுக்களையில் கல் மாறியிருந்தது. தொழுவத்துக்குத் தண்டவாளத் துண்டுகளை உத்திரமாகப் போட்டிருந்தார்கள். விளைச்சல் கண்ட வருடமெல்லாம் ஓர் அறை கூடியிருக்கிறது. மழை பொய்த்த வருடத்து மாடிப்படி ஏழு படியோடு நின்றுவிட்டது. என் கணிப்பில் முன்கட்டுக்குத் தொண்ணூறு வயது. இருநூறும் பொய், முப்பதும் பொய்.

மறுநாளே முத்திரைத்தாளில் "வீடு கட்டி முப்பது வருடம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்தார். நான் மறுத்திருக்க வேண்டும். ஃபைலில் ஒரு காகிதம் கூடுகிறதே என்று கோர்த்துவைத்தேன்.

3. மந்தை

மாயழகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் காகிதத்துக்கு நகல் வாங்கிவிட்டார். ஊர்ப் பொதுத்திடலான மந்தையில், திருவிழாக் கூட்டத்தில் நின்று உரக்கப் படித்தாராம்.

"எங்க வீட்டுக்கு அம்பது வருசம். அண்ணே வீட்டுக்கு முப்பதுன்னு அண்ணனே எழுதிக் குடுத்திருக்காரு. பெட்டி எங்கேருந்து கிளம்பணும்? நீங்களே சொல்லுங்க."

மறுநாள் காலையில் பெரியகருப்பன் ஆனையூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சாமிக்கு ஒரு வயசு, சர்க்காருக்கு ஒரு வயசுன்னு எழுத முடியாதா சார்?"

"முடியாதுங்க."

"அப்ப நான் குடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிறேன். எம்புட்டுப் பழசோ அம்புட்டையும் எழுதுங்க. துட்டு போனாப் போகுது. மாயழகு வாசல்லருந்து பெட்டி கிளம்புச்சுன்னா நான் ஊர்ல தலைகாட்ட முடியாது."

தொண்ணூறு என்று எழுதினேன். தேய்மானம் கழித்தது போக, தூணுக்கும் கதவுக்கும் ஏதோ தேறியது. அந்த அறிக்கையை மந்தையில் படித்தார்கள். பெட்டி அவர் வீட்டிலிருந்தே புறப்பட்டது. பரிவட்டத்தோடு எடுத்த போட்டோவை எனக்கும் அனுப்பிவைத்தார். வேலையில் சேர்ந்து முதன்முறையாக நல்ல காரியம் செய்துவிட்டதாக எனக்கும் பெருமை தாங்கவில்லை.

4. அடுத்த வருடம்

திருவிழா முடிந்த மறுமாதம் ஜேசிபி வந்தது. அரை நாளில் வேலை முடிந்தது.

அடுத்த வருடக் கூட்டத்தில் மாயழகு காகிதம் எதையும் கொண்டுவரவில்லை. "இப்ப ஊர்ல இருக்கிறதுலயே பழைய வீடு எது?" என்று மட்டும் கேட்டாராம். பெட்டி அவர் வீட்டிலிருந்து புறப்படுவதென்று முடிவானது.

திருவிழா அன்று சாலை வேலையைப் பார்க்க அந்தப் பக்கம் போனேன். மிச்சமிருந்த இடத்தில் பெரியகருப்பன் சின்னதாக ஒரு கான்கிரீட் வீடு கட்டியிருந்தார். அதற்கு முன்னால் பழைய வாசல் நிலை மட்டும், பக்கத்தில் சுவர் இல்லாமல் தனியாக நின்றது. குளித்து, புது வேட்டி கட்டி, அதற்குள் நின்றுகொண்டிருந்தார். கொட்டுச் சத்தம் அடுத்த தெருவில் கேட்டது.

"சார், நிலை அதே நிலைதான். இதுக்கு மட்டும் தொண்ணூறு வருசம்னு ஒரு சர்டிபிகேட்டு குடுங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஆபீசில் அதற்குப் படிவம் கிடையாது. வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கேயும் செல்லாது. அவர் அதை லேமினேட் செய்து நிலையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். அளவு எல்லாருக்கும் எடுக்க வரும். அளந்து முடித்ததும், "இது போன பிறகு எங்கே நிற்பீர்கள்?" என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். இடிக்கப் போகிற வீட்டுக்கு மூன்று முறை வயது சொன்னோம். அந்தக் கேள்வி அவருக்கும் தோன்றவில்லை, சம்பளம் வாங்கிய எனக்கும் தோன்றவில்லை.