ஆச்சியின் வலைப்பக்கத்துக்கு ஒரு கதவு

வலைப்பக்கம் செய்வது, எப்போது வருவார் என்றே தெரியாத விருந்தாளிக்கு வீடு கட்டுகிற வேலை. இதில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், காரைக்குடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன். கிடைத்த ஒரே வாடிக்கையாளர், வெளிநாட்டுக்குப் பலகாரம் அனுப்பும் மீனாட்சி ஆச்சி. தீபாவளிக்குள் பக்கத்தைப் பார்த்து ஒரு ஆர்டராவது வர வேண்டும், வராவிட்டால் எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். தெருவில் மூன்று கடைக்காரர்கள், தாங்களும் பக்கம் வைக்கலாமா என்று முடிவெடுக்க, அந்த ஆர்டர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வராவிட்டால் எனக்கு மறுபடியும் டைப்ரைட்டர்தான்.

கதவு

முதல் பக்கத்தில் தன் வீட்டுத் தேக்குக் கதவின் படம் முழுதாக இருக்க வேண்டும் என்றார் ஆச்சி. ஸ்கேன் செய்து ஏற்றினேன். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நிலையின் உச்சியில் செதுக்கிய கஜலட்சுமி தெரிய மூன்று நிமிடம், தாழ்ப்பாள் வர இன்னும் நான்கு. பாதி நாள் அதற்குள் டெலிபோன் லைன் அறுந்துவிடும். படத்தைச் சிறிதாக்கலாமா என்று கேட்டேன்.

"ஏன் சேவியர், கதவைச் சின்னதாக்குனா ஆளுக குனிஞ்சுல்ல வரணும்?"

மூன்றாம் கட்டு

கதவைச் சொடுக்கினால் முகப்பு, அதைச் சொடுக்கினால் முற்றம் உள்ள வளவு, பிறகு இரண்டாம் கட்டு. மூன்றாம் கட்டில்தான் அடுப்படி. மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு எல்லாம் அங்கே. ஆர்டர் எழுதும் இடமும் அங்கேதான். வீடு எப்படியோ பக்கமும் அப்படி. பலகாரப் பட்டியலை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று மன்றாடினேன்.

"வாசல்ல நிக்கிறவுக கையில முறுக்கைக் குடுத்து அனுப்ப நான் என்ன பொட்டிக்கடையா வச்சிருக்கேன்?"

வந்தவர்கள்

வருகையை எண்ணும் கருவி ஒன்றைப் பக்கத்தின் அடியில் வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் அது நூற்று எழுபதைத் தொட்டது. இத்தனை பேர் வந்தும் ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லையே என்று ஆச்சி வருத்தப்பட்டார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. பக்கம் சரியாக வருகிறதா என்று நான் திறந்து பார்ப்பதையும் அது எண்ணிவிடும், முக்கால்வாசி நான்தான் என்றேன்.

"அத்தனை தடவை வந்துட்டுப் போனீகளே, நீங்களாவது ஒரு கிலோ கேட்டிருக்கலாம்ல?"

பினாங்கிலிருந்து போன்

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, பினாங்கிலிருந்து ஆச்சியின் நாத்தனார் மகள் பேசினாள். கணவனின் ஆபீசில் மூன்று நாள் முயன்றாளாம். கஜலட்சுமிக்குக் கீழே படம் இறங்கவே இல்லையாம். கடைசியில் மதுரைக் கடை ஒன்றின் பக்கத்தைத் திறந்திருக்கிறாள். எடுத்த எடுப்பில் பட்டியல் இருந்திருக்கிறது, அங்கேயே ஆர்டர் சொல்லிவிட்டாள்.

ஆர்டர் போனதை ஆச்சி பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் இன்ஸ்டிடியூட்டில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம வீட்டுப் பிள்ளைய மூணு நாளு வாசல்ல நிக்க வச்சிருக்கோமே சேவியர். மொதல்ல அந்தக் கதவைக் கழட்டுங்க!"

கடிதம்

கழற்றினேன். முதல் பக்கத்திலேயே பட்டியல், அதன் கீழே ஆர்டர் எழுதும் இடம். அரை நிமிடத்தில் திறந்தது. தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சிங்கப்பூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ஐந்து கிலோ மனகோலம் கேட்டு எழுதியிருந்தார். அச்சடித்துக்கொண்டு ஓடினேன். பின்குறிப்பையும் ஆச்சிக்கு வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 'போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு கதவு பாதி வரை வந்தது. மீதியைப் பார்க்க ஆசை. பலகாரத்தோடு படத்தையும் அனுப்ப முடியுமா?'

"பாத்தீகளா, அவுக கதவைத் தேடித்தான் வந்திருக்காக!"

அதன்பின் வந்த மூன்று கடைக்காரர்களும் முதலில் கேட்டது, தங்கள் பக்கத்துக்கும் ஒரு கதவு.