விரிசல் கண்ணாடியும் நித்தியகல்யாணி மாலையும்

அன்று காலை என் கண் இரண்டும் போய்விடும் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. அந்தக் கண்ணால் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இளையாத்தங்குடி நித்தியகல்யாணியைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

பிரஜோற்பத்தி வருஷம் வைகாசி மாதம். கோட்டையூரில் எங்கள் வீட்டில் கல்யாணம். பெண் என் அண்ணன் மகள் வள்ளியம்மை. அண்ணன் பர்மாவில் காய்ச்சலில் இறந்துபோனதால் தகப்பன் ஸ்தானத்தில் நான்தான் நின்றேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டாரின் குலக்கோயிலிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டாரின் குலக்கோயிலிலிருந்தும் மாலை வந்தால்தான் தாலி கட்டலாம். மாலை வராமல் கட்டினால் அதைக் கல்யாணம் என்று யாரும் ஒப்ப மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு மாலை முதல் நாளே வந்துவிட்டது. எங்கள் மாலை இளையாத்தங்குடியிலிருந்து வர வேண்டும். மற்றக் கல்யாணங்களுக்கு முதல் நாளே மாட்டு வண்டி போய்விடும். இந்தத் தடவை வீட்டில் மோட்டார் கார் இருக்கிறது என்ற தெம்பு. கல்யாணத்தன்று விடிந்ததும் போய்ப் புத்தம்புது மாலையாக வாங்கி வரலாம் என்று எல்லாரும் கூடிப் பேசி முடித்துவிட்டோம்.

விடிந்தது. கார் வாசலுக்கு வந்தது. வள்ளியம்மையின் அம்மான் தேங்காயைச் சுற்றி, காருக்கு முன்னால் சிதறுகாய் போட்டார். அவருக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. போட்ட வேகத்தில் ஒரு சில்லு தெறித்து மேலே வந்து முன்கண்ணாடியில் அடித்தது. ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் விரிசல் ஓடியது. ஆபத்து வரக் கூடாது என்று உடைத்த காய் ஆபத்தைக் கையோடு கூட்டிவந்துவிட்டது.

டிரைவர் சோலை இறங்கி வந்து விரிசலை விரலால் தடவிப் பார்த்தான்.

"வண்டி ஓடுமா சோலை?" என்று கேட்டேன்.

"ஓடும்ங்கய்யா. ஓட்டலாமான்னு கேட்டீகன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இந்தக் கண்ணாடி ஒடஞ்சா கத்தி கத்தியா மூஞ்சிக்குத்தான் வரும். இப்பவே தட்டி எடுத்துப்புட்டுக் கண்ணாடி இல்லாமப் போயிருவோம்."

அது என் அண்ணன் மனைவி காதில் விழுந்துவிட்டது. "கல்யாண வீட்டு வாசல்ல கண்ணாடிய ஒடைக்கிறதா? தம்பி, நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீகளே! ஒடைக்காமக் கொண்டு போயி ஒடைக்காமக் கொண்டாங்க. வழியிலயும் கை வைக்கக் கூடாது. எம் மக மேல ஆணை."

கணவனை இழந்தவள், மகள் கல்யாணத்தன்று ஆணை வைக்கிறாள். சரி என்றேன். வேறு காருக்கு ஆள் அனுப்பி வரவழைக்க நேரமில்லை. மாட்டு வண்டி போய்த் திரும்புவதற்குள் முகூர்த்தம் போய்விடும். விரிசல் மேல் கஞ்சிப் பசையில் ஒரு துணிப் பட்டையை ஒட்டிக்கொண்டு கிளம்பினோம்.

போகும்போது பின் இருக்கையில் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்து, சந்நிதியில் மாலையை வெள்ளித் தட்டோடு வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போதுதான் என் பாடு. கோயில் மாலைக்கு முன்னால் ஆள் உட்காரக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பிடிவாதம். தட்டை எங்கேயும் இறக்கி வைக்கவும் கூடாது. ஆகவே நான் சோலைக்குப் பக்கத்தில், அந்தக் கண்ணாடிக்கு நேர் எதிரே, இரண்டு கையிலும் தட்டை ஏந்தி உட்கார வேண்டியதாயிற்று. முகத்தை மூடிக்கொள்ளக் கை இல்லை.

ரோடு முழுக்கப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் கண்ணாடி 'கிரீச்' என்றது. பட்டைக்கு வெளியே புது விரிசல் கிளை விட்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று என் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. சோலை மெதுவாக ஓட்டினால் முகூர்த்தம் தப்பும். வேகமாக ஓட்டினால் என் கண் தப்பாது. வேட்டி நனைய வியர்த்தது. தேவாரம் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. "ஆத்தா, ஆத்தா" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அப்புறம் மனதுக்குள் கதறினேன். "நித்தியகல்யாணி, உன் மாலையைத்தானே கையில் வைத்திருக்கிறேன். பிள்ளை கழுத்தில் தாலி ஏற வேண்டும். அதைப் பார்க்க எனக்குக் கண் வேண்டும். நீ எப்படியாவது செய்."

ஒரு கண்மாய்க் கரையில் திரும்பியபோது, நடு ரோட்டில் ஒரு பெண்பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் வயதுக்கு வந்த மகள். சோலை ஹாரன் அடித்தும் நகரவில்லை. வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

"ஐயா, கோயில் மாலையா கொண்டு போறீக? எம் மகளுக்கு ஒரு எடமும் கூடி வரலைய்யா. கண்ணுல ஒருவாட்டி காட்டிட்டுப் போங்க."

எனக்கு வந்த கோபம்! "நேரமாச்சு, தள்ளிப் போம்மா!" என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"எஞ்சினும் கொதிக்குதுய்யா. நான் தண்ணி ஊத்திக்கிறேன், நீங்க காட்டிட்டு வந்துருங்க" என்றான் சோலை.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினேன். அந்த மகள் தட்டைத் தொடவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். இன்னும் எத்தனை நேரம் நிற்பாளோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோலை தண்ணீரை ஊற்றிவிட்டு எஞ்சின் மூடியை இறக்கினான். மூடி 'டப்' என்று விழுந்தது.

அவ்வளவுதான். கண்ணாடி முழுசாக உடைந்து உள்பக்கம் பாய்ந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். என் இருக்கை பூராவும் கண்ணாடி. சாய்மானத்துத் தோலில், நான் உட்கார்ந்திருந்தால் என் முகம் இருக்கும் உயரத்தில், ஒரு நீளத் துண்டு குத்திக்கொண்டு நின்றது. தட்டு மட்டும் கையை விட்டு நழுவவில்லை. அது எப்படி என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தாயும் மகளும் நடுங்கிப்போனார்கள். "நாங்க நிறுத்துனதாலதான் ஒடஞ்சுபோச்சு. தெரியாமச் செஞ்சுட்டோம்யா" என்று அந்தத் தாய் அழுதாள்.

"அழாத தாயி. நீ நிறுத்தாட்டி எங் கண்ணு ரெண்டும் இந்நேரம் போயிருக்கும்" என்றேன். கும்பிடத் தோன்றியது, கை காலியாக இல்லை. தலையைத் தாழ்த்தினேன். நான் மாலையைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து அவளும் குனிந்தாள்.

சோலை சில்லுகளைத் துடைத்துத் தள்ளினான். மீதி வழி முழுக்கக் கண்ணாடி இல்லாமலே வந்தோம். புழுதி வாயெல்லாம் அடைத்தது. பயம் மட்டும் விடவில்லை, வீடு வந்து சேரும் வரைக்கும் பல் தந்தியடித்தது. வாசலில் அண்ணன் மனைவி காரைப் பார்த்தாள். கண்ணாடி எங்கே என்று அவள் கேட்கவில்லை. என் முகத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. வள்ளியம்மை கழுத்தில் தாலி ஏறியதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு, எவ்வளவு அவசரமாகப் போனாலும், வழியில் யார் கை காட்டினாலும் வண்டியை நிறுத்தச் சொல்கிறேன். கோபம் இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனாலும் இறங்குகிறேன். அந்தத் தாயையும் மகளையும் நினைக்காமல் நான் அம்பாளைக் கும்பிடுவதில்லை.

கஷ்டத்தில் இருக்கிறவர்களே, உங்களுக்கும் சொல்கிறேன். திடமான பக்தி வரட்டும், பிறகு கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அன்று இருந்ததெல்லாம் பயம் ஒன்றுதான். பல் நடுங்க, வாய் குழறத்தான் கூப்பிட்டேன். அந்தக் குரல் அவளுக்குக் கேட்டது.